நுரை வந்தால்தான் அழுக்கு போகுமா?



ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. தென்பெண்ணையில் தண்ணீர் பெருகி அணையின் மதகைத் திறக்கும் நாட்களில் ஆற்றையே மூடிக்கொண்டு வெள்ளை வெளேரென்று நுரை எழும்பும். காற்றடித்தால் பறந்து போய்ப் பக்கத்து வயலிலும் சாலையிலும் விழும். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் கலந்து வருகிற ஆறு அது. 2015இல் பெல்லந்தூர் ஏரி நுரையில் தீயே பிடித்தது. இந்த நுரையில் ஆலைக் கழிவுக்கும் பங்கு உண்டு. ஆனால் வீட்டுக்கு வீடு துணி துவைத்து விடுகிற சோப்புத் தண்ணீருக்கும் பெரிய பங்கு உண்டு.

சலவைத்தூளில் அழுக்கை எடுக்கும் முக்கியமான பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. அதற்கான மூலப்பொருள் சென்னை மணலியிலேயே தயாராகிறது. 1950களில் புழங்கிய பழைய வகை லேசில் மட்காது. ஜெர்மனியில் ஆறுகள் நுரைத்துப் போனதால் 1961இல் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று நாம் வாங்குகிற தூள் மட்கக்கூடியதுதான். ஆனால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு வேண்டுமே! சுத்திகரிக்காத சாக்கடையில் அது எங்கே கிடைக்கும்? தூளில் பாஸ்பேட் இருந்தால் இன்னொரு கேடு. ஆகாயத்தாமரைக்கு அது உரம். ஏரி மூச்சுவிட முடியாமல் போகும்.

சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது அரசின் வேலை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை. ஆனால் எவ்வளவு தூள் போடுவது என்பதை முடிவு செய்வது நம் கைதான். நுரை பொங்கினால்தான் துணி வெளுக்கும் என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்துபோயிருக்கிறது. அது சரியில்லை. முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்கு விற்கிற தூளை, நுரை அடங்கி இருக்கும்படி வேண்டுமென்றேதான் செய்கிறார்கள். நுரை கூடினால் துணி சரியாக உரசாது, அழுக்கும் முழுசாகப் போகாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து, வெறும் தண்ணீர் உள்ள வாளியில் போட்டுக் கையால் நன்றாக அலசுங்கள். தண்ணீர் வெண்மையாகக் கலங்கி, ஓரத்தில் நுரை கட்டினால், போன சலவையின் தூள் இன்னும் துண்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம். துண்டு மொடமொடவென்று இருப்பதற்கும், சிலருக்குத் தோல் அரிப்பதற்கும் அதுவும் ஒரு காரணம். அடுத்த முறை தூளைக் கொஞ்சம் குறையுங்கள். துணி சுத்தமாக வந்தால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். சட்டைக் காலரும் கைப்பட்டியும் மட்டும்தான் அழுக்கா? அங்கே மட்டும் சோப்புக்கட்டியைத் தேய்த்து ஊறவையுங்கள். அதற்காக மொத்தத் துணிக்கும் கூடுதலாக ஒரு கரண்டி தூள் வேண்டாம்.

போர்வெல் தண்ணீரில் துவைப்பவர்களின் சிரமம் வேறு. தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் தூளின் ஒரு பங்கைத் தின்றுவிடும். மழைநீரில் அந்தத் தொல்லை இல்லை, கொஞ்சம் தூளே போதும். தமிழ்நாட்டில் 2003இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மாடித் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்துவைக்க வசதியிருந்தால், மழைக்காலத்தில் சலவைக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வைத்திருக்கும் நம் பெண்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, அப்புறம் சாயம் போகாத கலர்த் துணி, கடைசியில் கால்மிதி, கரித்துணி. தண்ணீர், தூள் இரண்டும் மிச்சம். முழு ஆட்டோமேட்டிக் மெஷினில் அது முடியாது. அதனால் மெஷின் நிறையத் துணி சேர்ந்த பிறகு ஓடவிடுங்கள். ஹீட்டர் உள்ள மெஷினில் மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. சித்திரை வெயிலில் நம் மாடித்தொட்டித் தண்ணீரே கை பொறுக்காத சூட்டில் வருகிறதே! நோயாளியின் படுக்கை விரிப்பு, சொறி சிரங்கு கண்டவர்களின் துணி போன்றவற்றுக்கு மட்டும் வெந்நீரை வைத்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத கழிவு ஒன்றும் உண்டு. பள்ளிச் சீருடையிலிருந்து விளையாட்டு பனியன் வரை இன்று பாலியஸ்டர் கலந்ததுதான் அதிகம். துவைக்கும்போதெல்லாம் அதிலிருந்து பிளாஸ்டிக் இழை நுண்ணியதாக உதிர்கிறது. கடலில் நுண்துகளாகவே வந்து சேரும் பிளாஸ்டிக்கில் (முதல்நிலை நுண்பிளாஸ்டிக்) சுமார் 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளின் சலவையால் வருவது என்று 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மதிப்பிட்டது. இத்துணிகளைத் தேவைக்கு மேல் துவைக்காமல், துவைக்கும்போது குளிர்ந்த நீரில், மெஷின் நிறையப் போட்டுத் துவைத்தால் இழை உதிர்வது குறையும். புதிதாக வாங்கும்போது பருத்தியைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் வேர்வைக்கும் அதுதான் பொருத்தம்.

துவைத்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சோப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். அதிலுள்ள சோடியம் சேரச் சேர மண் இறுகி, வேருக்குத் தண்ணீர் இறங்காது. கழிப்பறைக்கு ஊற்ற அது போதும். கடைசியாக அலசிய தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம், ஒரே மரத்துக்கு விடாமல் இடம் மாற்றி மாற்றி. கீரைப் பாத்திக்கு வேண்டாம். ப்ளீச் போட்டுத் துவைத்த அன்று எந்தச் செடிக்குமே வேண்டாம்.