வினவாக் கல்வி விடுதலை தாராது
(உடையார்பாளையப் பொழிவு)



பொறியியல் பயிலும் தமிழிளைஞன் வாய்பாடுகளை நெட்டுருப் போடுகிறான், தேர்வுத்தாளில் கொட்டுகிறான், மதிப்பெண் பெறுகிறான். ‘இஃது ஏன் இவ்வாறாயிற்று?’ என வினவ மட்டும் அவனுக்குக் கற்பிப்பாரில்லை. அயன்மொழியில் கேட்டு அயன்மொழியிலேயே ஒப்பிப்பவனிடம் வினா எங்ஙனம் பிறக்கும்?

தமிழில் இயலாதென்பது பொய். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கரான சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. 2023-இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழவே திரும்பப் பெற்றது. விழிப்புத் தளர்ந்தால் உரிமை பறிபோகும் என்பதற்கு இதுவே சான்று.

2022-இல் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ எனும் இரு பாடங்கள் முதலாண்டுப் பொறியியலிற் சேர்ந்தன. நன்று! ஆயின் அவையும் நெட்டுருப் பட்டியலாகிவிடின் பயன் யாது?

செயங்கொண்டத்தைக் கடந்தால் கங்கைகொண்ட சோழபுரம். அதனருகே இராசேந்திரன் அகழ்ந்த சோழகங்கம் இன்று பொன்னேரியெனக் கிடக்கிறது. கரை 16 கல் நீளம், கொள்ளிடத்து நீரைக் கொணர்ந்த வாய்க்கால் 60 கல் நீளம் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பொன்று கூறும். இவ்வெண்களை ஒப்பித்தால் ஒரு மதிப்பெண் கிட்டும், அறிவு கிட்டாது. மாணவன் கரைமேல் நடக்கட்டும். அளவு மெய்தானா? நிலச்சரிவு எவ்வளவு? கரைமண் எத்தகையது? ஏரி தூர்ந்த கரணியம் யாது? அளந்து, கணித்து, தமிழில் எழுதட்டும்.

1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது, அச்சோழர் கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. அணையால் உழவர்க்கு நீர் கிடைத்தது. தமிழர்க்கு மதில் போயிற்று. வேறு கல் கிடைக்கவில்லையா? முடிவெடுத்தவர் யார்? இழந்தவரைக் கேட்டனரா? வலுவைக் கணிப்பதோடு இவற்றையும் எண்ணுபவனே பொறிஞன்.

பழம்பெருமை பேசுவோரும் ஒன்றை உணர்தல் வேண்டும். தமிழர் செய்தனர் என்பதனாலேயே ஒன்று மெய்யாகாது. சொன்னவர் யாராயினும் மெய்ப்பொருளை நாடுவதே அறிவு என்பது வள்ளுவர் நெறி. ஆராயாத பெருமிதம் பகைவன் கேட்கும் முதல் வினாவிலேயே உதிரும். ஆராய்ந்து நிறுவியதோ அசையாது.

ஆகவே, அவ்விரு பாடங்களிலும் மதிப்பெண்ணிற் பாதி கள ஆய்வுக்கு அமைக! வினாத்தாள் ‘எத்தனை’ என்பதை விடுத்து ‘ஏன்’ என்று கேட்க! ஆசிரியர் பொறியியல் நூல்களைத் தமிழில் யாக்க! வினவும் தமிழனே விடுதலை பெறுவான்.