வங்கியின் நாணயம்

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையில் எண்ணிக் கொடுக்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். வங்கி இவ்விரண்டையும் ஒருங்கே காக்கக் கடமைப்பட்டது. முன்னது பெட்டகத்தில் நிறைந்து கிடந்தாலும் பின்னது குறையுமாயின், கதவை அடைக்கும் நாள் தூரத்தில் இல்லை.

புத்தளம் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்திலே உள்ளது மாம்புரி. மீன்பிடியும் தோட்டச் செய்கையும் அப்பகுதி மக்களின் தொழில்கள். 2010ஆம் ஆண்டு முதல் காற்றாலைகளும் அங்கே சுழல்கின்றன. அவ்வூர்க் கடற்றொழிலாளி ஒருவர் கணக்குத் திறக்கச் சென்றால், அடையாள அட்டை எங்கே, வதிவிடச் சான்று எங்கே, வருமானம் எவ்வழி என்று வங்கியிற் கேட்பார்கள். அவரும் முகங்கோணாது விடை கூறுவார். இதே வினாக்களை ஆட்சியில் இருப்பவரிடமோ, அவருடைய மைத்துனரிடமோ கேட்க வங்கிக்கு நா எழுமா?

வாஷிங்டன் நகரத்து ரிக்ஸ் வங்கிக்கு எழவில்லை. ஆபிரகாம் லிங்கன் உட்பட அமெரிக்க ஜனாதிபதிகள் பலர் கணக்கு வைத்திருந்த பழம்பெரும் வங்கி அது. சிலி நாட்டை ஆண்ட பினோசே 1998ஆம் ஆண்டில் லண்டனிலே கைதானார். அவருடைய சொத்துகளை முடக்குமாறு நீதிமன்ற ஆணையும் பிறந்தது. வங்கியோ அவர் கணக்கின் பெயரை எளிதில் இனங்காண முடியாதபடி மாற்றி எழுதிக்கொண்டது! எண்ணெய் வளமிக்க எக்குவடோரியல் கினி நாட்டு ஜனாதிபதிக்கு உரிய நிறுவனம் ஒன்றின் கணக்கில், ஒரே நாளில் 30 இலட்சம் டொலர் அளவுக்கு ரொக்கமாகவே கட்டப்பட்டதும் உண்டு. இத்தனை ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று எவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

2004ஆம் ஆண்டில் அமெரிக்க செனட் சபையின் துணைக்குழு இவற்றை அம்பலமாக்கிற்று. அவ்வாண்டே 2 கோடியே 50 இலட்சம் டொலர் அபராதம்; மறு ஆண்டு, சந்தேகத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களை அறிவிக்கத் தவறிய குற்றத்தை ஒப்புக்கொண்டு மேலும் 1 கோடியே 60 இலட்சம். அபராதத்தை வங்கி தாங்கியிருக்கலாம். அவப்பெயரைத் தாங்க இயலவில்லை. பேசிய விலையையும் குறைத்து அதனை வேறொரு வங்கி வாங்கியது. 2005ஆம் ஆண்டோடு ரிக்ஸ் என்ற பெயரே மறைந்தது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி, ஐயத்துக்கிடமான கொடுக்கல் வாங்கலை வங்கி இரண்டு வேலை நாட்களுக்குள் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவித்தல் வேண்டும். அறிவித்த செய்தி வாடிக்கையாளர் செவிக்கு எட்டலாகாது. உயர் பதவியாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் நெருங்கியோர்க்கும் கணக்குத் திறப்பதாயின், மேல்நிலை முகாமையாளரின் அனுமதி வேண்டும்; செல்வத்தின் மூலமும் ஆராயப்படும். அரசியலில் இருப்பது குற்றமன்று. ஆனால், அங்கே பொதுப்பணம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது.

சட்டம் இருந்தும், 2017ஆம் ஆண்டில் சர்வதேச நிதி நடவடிக்கைச் செயலணி இலங்கையைச் சாம்பல் நிறப் பட்டியலிற் சேர்த்தது. அது தனியொரு வங்கியின் பிழையாலன்று. நாட்டின் ஏற்பாடுகளில் இருந்த இடைவெளிகளால் நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2018ஆம் ஆண்டில் தன் பட்டியலில் இலங்கையைச் சேர்க்கவே, இலங்கையோடு தொடர்புடைய கொடுக்கல் வாங்கல்களை மேலும் நுணுகி ஆராய்தல் ஐரோப்பிய வங்கிகளுக்குக் கட்டாயமாயிற்று. செயலணியின் பட்டியலிலிருந்து இலங்கை 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் இத்தாலியிலே வீட்டுப்பணி செய்து மேற்குக் கரையோரத்துத் தாய்க்குப் பணம் அனுப்பிய மகளின் நாடும், அந்தப் பட்டியலில் இருந்த நாடுதான்.