போர்க்கப்பல் வருவதற்கு முன்னும் போன பின்னும்



2024ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி. சோமாலியக் கரைக்குக் கிழக்கே வெகு தொலைவில் லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. பிரேசிலில் புறப்பட்டு பஹ்ரைன் நோக்கிப் பயணம். கப்பலில் 21 பேர். அவர்களில் 15 பேர் இந்தியர்கள். அன்று மாலை அந்தக் கப்பலிலிருந்து ஒரு தகவல் வந்தது: ஆயுதம் ஏந்திய ஐந்தாறு பேர் ஏறிவிட்டார்கள். மறுநாள் காலை இந்தியக் கடற்படையின் விமானம் அதற்கு மேலே பறந்தது. பிற்பகலில் ஐ.என்.எஸ். சென்னை என்ற போர்க்கப்பல் அதை எட்டிப் பிடித்தது. கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்கள் ஏறிக் கப்பல் முழுவதும் தேடினார்கள். கொள்ளையர் ஒருவர்கூட இல்லை, அதற்குள் ஓடிவிட்டிருந்தார்கள். 21 பேரும் பத்திரமாக மீட்கப்பட்டார்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான், டிசம்பர் 14ஆம் தேதி, மால்டா நாட்டுக் கொடியுடன் சென்ற ரூயென் என்ற கப்பலைக் கொள்ளையர் பிடித்திருந்தார்கள். அங்கேயும் போர்க்கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. ஆனால் பின்தொடர்ந்து செல்வதைத் தவிர அவற்றால் அதிகம் செய்ய முடியவில்லை. காயம்பட்ட ஒரு மாலுமியை மட்டும் சிகிச்சைக்காக இந்தியக் கடற்படையிடம் விட்டார்கள். மற்ற 17 பேரும் மூன்று மாதம் பிணைக்கைதிகளாகக் கிடந்தார்கள்.

அதே கடல், அதே கடற்படை. ஒன்று ஒரே நாளில் முடிந்தது, இன்னொன்று மூன்று மாதம் இழுத்தது. ஏன்?

லீலா நார்ஃபோக் மாலுமிகள் கொள்ளையர் ஏறியதும் கப்பலின் உட்புறத்தில் இருந்த பாதுகாப்பு அறைக்குள் புகுந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். கப்பல்காரர்கள் இதை சிட்டடெல் என்பார்கள். கனத்த இரும்புக் கதவு, குடிநீர், உணவு, வெளியே பேசத் தனித் தொலைத்தொடர்பு எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். எல்லாரும் உள்ளே இருந்தால் கொள்ளையர் கையில் கப்பல் இருக்கும், ஆனால் மனிதர் இருக்க மாட்டார்கள். அப்போது கமாண்டோக்கள் துணிந்து ஏறலாம். ரூயெனில் மாலுமிகள் துப்பாக்கி முனையில் இருந்தார்கள். ஒருவர் தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டிருக்கும்போது, எவ்வளவு பெரிய போர்க்கப்பலும் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரக்குக் கப்பல் மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் போகிறது. பின்னாலிருந்து கொள்ளையரின் சிறு படகு 25 கடல் மைல் வேகத்தில் துரத்துகிறது. 5 மைல் தூரத்தில் அதைக் கண்டுகொண்டால், அது கப்பலைத் தொட 25 நிமிடம். 100 மைல் தள்ளி ஒரு போர்க்கப்பல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் விரைந்தாலும் அது வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹெலிகாப்டருக்கே முக்கால் மணி நேரமாவது வேண்டும். ஆக, அந்த முதல் 25 நிமிடமும் மாலுமிகளுடையது. வேகத்தைக் கூட்டுவது, கப்பலை இப்படியும் அப்படியும் திருப்பி அலை எழுப்புவது, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, பக்கவாட்டில் சுருள் முள்கம்பி கட்டியிருப்பது, கடைசியாக அந்த அறைக்குள் போவது. ஏணியை மாட்டி ஏற வரும் கொள்ளையருக்கு ஒவ்வொரு நிமிடமும் தாமதம். வந்துகொண்டிருக்கும் கடற்படைக்கு ஒவ்வொரு நிமிடமும் லாபம்.

கடற்படைகளும் இந்தக் கணக்கை வைத்தே தங்கள் ஏற்பாடுகளைச் செய்தன. 2008இல் ஏடன் வளைகுடாவில் கொள்ளை வேகமாகப் பெருகியது. அந்த ஆண்டு நவம்பரில் சவூதி அரேபியாவின் சிரியஸ் ஸ்டார் என்ற மாபெரும் எண்ணெய்க் கப்பலையே கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே, அக்டோபரில், இந்தியா தன் போர்க்கப்பலை ஏடன் வளைகுடாவில் நிறுத்தியிருந்தது. டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அட்டலாண்டா என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. அவ்வளவு பெரிய கடலை எத்தனை கப்பல் போட்டாலும் காவல் காக்க முடியாது. எனவே வளைகுடாவின் நடுவே ஒரு பாதையை வகுத்தார்கள். நீளம் சுமார் 490 கடல் மைல். போக ஒரு தடம், வர ஒரு தடம். ஒரே வேகத்தில் ஓடும் கப்பல்களைக் கூட்டமாக அந்தத் தடத்தில் அனுப்பினார்கள். போர்க்கப்பல்கள் ஓரங்களில் ரோந்து சுற்றின. கடலைச் சுருக்கியதால், உதவி வந்து சேரும் நேரமும் சுருங்கியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொள்ளையர் படகுக்கும் மீனவர் படகுக்கும் தூரத்தில் வேறுபாடு தெரியாது. கொள்ளையரே மீன்பிடிக் கப்பல்களைப் பிடித்து, அவற்றைத் தங்கள் சிறு படகுகளை நடுக்கடலுக்குக் கொண்டுவரும் தாய்க்கப்பலாக வைத்துக்கொள்வதும் வழக்கம். 2008 நவம்பரில் ஐ.என்.எஸ். தபர் மூழ்கடித்த கொள்ளையர் கப்பல், கடத்தப்பட்ட தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்று பிறகு தெரியவந்தது. உள்ளே மீனவர்களும் இருந்தார்கள். 2012 பிப்ரவரியில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு வந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள், கேரளக் கரைக்கு அப்பால் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுடுவதற்கு முன் யார் என்று தெரிந்துகொள்ளும் பொறுமை, கடற்படைக்கு வேகத்தைப் போலவே முக்கியம்.

ரூயெனுக்குத் திரும்புவோம். 2024 மார்ச்சில் கொள்ளையர் அந்தக் கப்பலையே தாய்க்கப்பலாக்கி மீண்டும் நடுக்கடலுக்கு வந்தார்கள். ஐ.என்.எஸ். கொல்கத்தா மறித்தது. அது மேலே அனுப்பிய ட்ரோனைக் கொள்ளையர் சுட்டு வீழ்த்தினார்கள்; போர்க்கப்பலையும் சுட்டார்கள். கொல்கத்தா அளந்து சுட்டது. ரூயெனின் சுக்கானும் வழிகாட்டும் கருவிகளும் செயலிழந்து கப்பல் நின்றது. சரணடையச் சொல்லிப் பேச்சு நடந்தது. இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தூரத்தில், சி-17 விமானத்திலிருந்து மார்கோஸ் வீரர்களும் படகுகளும் பாராசூட்டில் இறங்கினார்கள். 40 மணி நேரம் நீடித்த அந்த நடவடிக்கையின் முடிவில் 35 கொள்ளையரும் சரணடைந்தார்கள். 17 மாலுமிகளும் காயமின்றி மீண்டார்கள்.

செய்தி இங்கே முடிந்துவிடும். விஷயம் முடிவதில்லை. பிடித்த 35 பேரை என்ன செய்வது?

கடல் சட்டத்துக்கான ஐ.நா. உடன்படிக்கையின்படி, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலில் கொள்ளையரை எந்த நாடும் பிடிக்கலாம். தன் நீதிமன்றத்தில் விசாரிக்கலாம். ஆனால் அதற்கு உள்நாட்டில் சட்டம் வேண்டும். 1999இல் அலோண்ட்ரா ரெயின்போ என்ற கப்பல், 7,000 டன் அலுமினியத்தோடு இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்டதும் கொள்ளைபோனது. மாலுமிகளை மிதவையில் இறக்கி, கடலில் விட்டுவிட்டார்கள். கப்பலின் பெயரையும் மாற்றி எழுதினார்கள். இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அதைத் துரத்திப் பிடித்தன. 2003இல் மும்பை நீதிமன்றம் கொள்ளையருக்குத் தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கடற்கொள்ளை என்ற குற்றத்துக்கு அப்போது நம்மிடம் தனிச் சட்டமே இல்லை. பொதுக் குற்றவியல் சட்டத்தை வைத்துத்தான் வழக்கை நடத்த வேண்டியிருந்தது.

இது நம் நாட்டுக் குறை மட்டுமல்ல. சோமாலியக் கடலில் பல நாட்டுக் கடற்படைகள் கொள்ளையரைப் பிடித்து, துப்பாக்கிகளைப் பறித்துக் கடலில் போட்டு, அவர்களைக் கரைக்கே திருப்பி அனுப்பியிருக்கின்றன. விசாரிக்க நீதிமன்றம் கிடைக்கவில்லை. பிறகுதான் கென்யாவும் செஷெல்ஸும் வழக்கு நடத்த ஒப்புக்கொண்டன. இந்தியா 2022இல் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். கொள்ளையில் உயிரிழப்பு நேர்ந்தால் மரண தண்டனைக்கும் இடம் உண்டு. அதனால்தான் ரூயென் கொள்ளையர் 35 பேரையும் மார்ச் 23ஆம் தேதி மும்பைக்குக் கொண்டுவந்து, காவல்துறையிடம் ஒப்படைக்க முடிந்தது.

இன்னும் ஒரு படி பின்னால் போனால் கரை. 1991இல் சோமாலியாவில் அரசு சரிந்தது. காவல் இல்லாத அந்தக் கடலில் வெளிநாட்டு இழுவைப் படகுகள் மீனை அள்ளிப்போயின. எதிர்க்கக் கிளம்பியவர்களில் சிலர் கப்பல்களைப் பிடித்துப் பணம் கேட்கத் தொடங்கினார்கள். அதில் முதலாளிகள் புகுந்து தொழிலாகவே ஆக்கினார்கள். கரையில் ஓரளவு நிர்வாகம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2017 மார்ச்சில் ஏரிஸ் 13 என்ற எண்ணெய்க் கப்பல் சோமாலியக் கொள்ளையரிடம் சிக்கியது. அதில் இருந்த எட்டுப் பேரும் இலங்கையர். சோமாலியாவின் பன்ட்லாந்துப் பகுதியின் கடலோரப் படை கொள்ளையரை நெருக்கியது; உள்ளூரில் பேச்சும் நடந்தது. சில நாளில் பிணைத்தொகை ஏதுமின்றி எட்டுப் பேரும் விடுதலையானார்கள்.

நேயர்களே, வணிகக் கப்பலில் மகனையோ கணவனையோ அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. கப்பல் கடத்தல் செய்தி வரும்போது, போர்க்கப்பல் எவ்வளவு வேகத்தில் விரைந்தது என்பதையே நாம் அதிகம் கேட்கிறோம். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். அந்த நிறுவனம் தன் மாலுமிகளுக்குத் தாழிடக்கூடிய அறையும், அதற்குள் எப்படிப் போவது என்ற பயிற்சியும் கொடுத்திருந்ததா? பிடிபட்டவர்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால்தான், நடுவில் வரும் போர்க்கப்பலின் வேலை பலிக்கும்.