சொந்தக் கோப்புறையில் நிரல் அமைத்தல்

ரவாங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளைகள் சிலர், விடுமுறைக்கு வரும்போது ஒரு குறை சொல்வதுண்டு. "கல்லூரிக் கணினியில் வேண்டிய நிரலை ஏற்ற முடியவில்லை. நிர்வாகியின் கடவுச்சொல் எங்களிடம் இல்லை" என்பார்கள். கல்லூரி விதி இடங்கொடுக்குமானால், கடவுச்சொல் இல்லாமலே அந்த வேலையைச் செய்யலாம்.

பலர் கூடிப் பயன்படுத்தும் லினக்ஸ் கணினி நம் லயத்தைப் போன்றது. பொதுக் குழாயில் கைவைக்க நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நாலு வெண்டைச் செடி வைப்பது நம் பாடு. கணினியிலும் ஒவ்வொருவருக்கும் 'ஹோம்' என்ற சொந்தக் கோப்புறை உண்டு.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். அந்த வழியில் வந்த நிரல்களின் மூலத்தை எவரும் எடுத்துத் தாமே கட்டிக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன் 'கான்ஃபிகர்' என்னும் கட்டளை இடுவார்கள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்ற பொது இடத்தையே அது குறித்துக்கொள்ளும். எல்லாம் நன்றாக நடந்து, கடைசியில் நிறுவும் படியில் 'அனுமதி இல்லை' என்று நிற்கும். 'ப்ரிபிக்ஸ்' என்ற சொல்லோடு நம் கோப்புறையின் முழு முகவரியைக் கொடுத்தால், அத்தனையும் அங்கேயே போய் அமரும்.

சிக்கல் துணை நிரல்களில்தான் இருக்கிறது. 'கொக்கு' என்று எழுதும்போது முதலெழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும் அல்லவா? இப்படி எழுத்துகளை ஒழுங்காக அமைத்துத் தருவது ஹார்ப்பஸ் என்னும் நிரல். (பெயர் பாரசீகச் சொல், வேலை நமக்கும் செய்கிறது.) எழுத்துருக் கோப்பைப் படிக்க அதற்கு ஃபிரீடைப் என்ற நிரலைத் துணையாகச் சேர்க்கலாம். அப்படியானால் ஃபிரீடைப்பை முதலில் நம் கோப்புறையில் நிறுவ வேண்டும். நிறுவியது போதாது, அது எங்கே இருக்கிறதென்று ஹார்ப்பஸுக்குச் சொல்லவும் வேண்டும். ஃபிரீடைப் தன் முகவரியை எழுதி வைத்த சிறு கோப்பு, 'லிப்' கோப்புறைக்குள் 'பிகேஜி கான்ஃபிக்' என்ற உட்கோப்புறையில் கிடக்கும். சில கணினிகளில் 'லிப்64' என்றிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை 'பிகேஜி கான்ஃபிக் பாத்' என்னும் மாறியில் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால், பொது இடத்திலுள்ள பழைய ஃபிரீடைப்பை அது எடுத்துக்கொள்ளக்கூடும். பிழைச் செய்தி வந்தாலாவது தெரியும்; இது சத்தமில்லாமல் நடக்கும்.

கட்டியபின் ஓட்டும்போது, 'நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று வரலாம். கட்டும்போது காட்டிய வழி ஓடும்போது நினைவில் இராது. 'எல்டிடி' என்ற கட்டளை, எந்தத் துணை அகப்படவில்லை என்று காட்டும். பலர் உடனே 'எல்டி லைப்ரரி பாத்' என்ற மாறியை நிரந்தரமாக எழுதி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நாம் ஓட்டும் மற்ற நிரல்களும் அந்த வழியே போய்த் தவறான துணையைப் பிடிக்கும். கட்டும்போதே 'ஆர்பாத்' கொடுத்து, வழியை அந்த நிரலுக்குள் மட்டும் எழுதிவிடுவது நல்லது.

முகவரி உள்ளே எழுதப்படுவதால், பிறகு கோப்புறையின் பெயரை மாற்றாதீர்கள். மாற்றினால் திரும்பக் கட்ட வேண்டிவரும். ஒவ்வொரு நிரலுக்கும் தனிக் கோப்புறை வைத்தால், வேண்டாதபோது அதை மட்டும் அழித்துவிடலாம். பக்கத்து மாணவரின் வேலைக்கு ஒரு குறையும் வராது.