கலப்பு நெல்லும் விதைப்பெட்டியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாவில் விஞ்ஞானம் பற்றி ஒருவர் பேசவேண்டும் என்று சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். பயிர் இனவிருத்தி படித்தவள் என்றபடியால் நெல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடுகண்ணாவை என்றால் கணவாயும் புகையிரதமும் நினைவுக்கு வருமே தவிர நெல் வராது. ஆனால் இங்கிருந்து பேராதனைக்குப் பஸ்ஸில் போனால் பிலிமத்தலாவையைத் தாண்டியதும் கிரிபத்கும்புர வரும். சிங்களத்தில் ‘கிரிபத்’ பாற்சோறு, ‘கும்புர’ வயல். அதற்கப்பால் கன்னொறுவையில் நாட்டின் பயிர் விதைகளைப் பாதுகாக்கும் தாவரப் பரம்பரையலகு வள நிலையம் இருக்கிறது. ஆகவே நெல் நமக்குத் தூரத்துப் பொருளல்ல.

எங்கள் அம்மம்மார் காலத்தில் ‘எச்-4’ என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த சிவப்பரிசி. குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டு முருங்கைக்காயன் நெல்லையும் இந்தோனேசியாவின் ‘மாஸ்’ நெல்லையும் கலந்து 1950களின் பிற்பகுதியில் அதை உருவாக்கினார்கள். ‘எச்’ என்ற எழுத்து கலப்பினம் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. இருந்தும் கமக்காரர் எச்-4 ஐ அறுத்து, அதிலேயே விதைநெல் எடுத்து, அடுத்த போகமும் விதைத்தார்கள், விளைச்சல் குறையவில்லை. இன்று கடையில் விற்கும் கலப்பின நெல்லை அப்படி விதைக்க முடியாது. இரண்டுக்கும் கலப்பு என்றுதான் பெயர். ஒன்று விதைப்பெட்டிக்குத் திரும்புகிறது, மற்றது திரும்புவதில்லை. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

நெல்லின் ஒவ்வொரு உடற்கலத்திலும் 12 சோடி நிறமூர்த்தங்களும் அவற்றில் ஏறத்தாழ 40,000 பரம்பரையலகுகளும் உள்ளன. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. வேரில் சில, பூவில் சில, பகலில் சில, இரவில் சில. ஒரு பரம்பரையலகு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதே அதன் வெளிப்பாடு. சமையற் குறிப்புப் புத்தகம் அலுமாரியில் இருப்பது வேறு. அதைப் பார்த்து இன்று எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்பது வேறு.

தூய வழி நெல்லில் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வருபவை ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள். ஒரு பக்கம் கிழிந்திருந்தால் இரண்டிலும் கிழிந்திருக்கும். உறவில் தூரமான இரண்டு வழிகளைக் கலந்தால் பிள்ளைக்கு இரண்டு வேறு புத்தகங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் கிழிந்த பக்கம் மற்றதில் முழுதாய் இருக்கும். முதற் சந்ததி பெற்றோர் இருவரையும் விடச் செழித்து வளர்கிறது. இதுவே கலப்பு வீரியம்.

உயர்தர உயிரியல் மாணவிகளுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆட்சியான எதிருரு பின்னிடைவானதன் குறையை மறைப்பது ஒரு விளக்கம். இரண்டு வேறு எதிருருக்கள் ஒன்றாக இருப்பதே தனி நன்மை என்பது இரண்டாவது. வெவ்வேறு பரம்பரையலகுகள் ஒன்றையொன்று தூண்டுவதும் அடக்குவதும் மூன்றாவது. நெல்லில் எது உண்மை? 2016 இல் சீன விஞ்ஞானிகள் 17 கலப்புகளிலிருந்து பெற்ற 10,074 இரண்டாம் சந்ததி வழிகளை ஆராய்ந்தார்கள். எல்லாக் கலப்புக்கும் பொதுவான மந்திரப் பரம்பரையலகு ஒன்றும் அகப்படவில்லை. ஒவ்வொரு வகைக் கலப்பிலும் தாய்வழி வந்த சில இடங்களே விளைச்சல் மேன்மையின் பெரும்பங்கைத் தந்தன.

வெளிப்பாடு மாறுவதற்கு அழகான உதாரணம் ஒன்று கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடோப்சிஸில் 2009 இல் கிடைத்தது. தாவரத்துக்கும் பகல் இரவு அறியும் உட்கடிகாரம் உண்டு. கலப்பினச் செடியில் அக்கடிகாரத்தின் முக்கியமான இரண்டு பரம்பரையலகுகள் பகலில் அடங்கியிருந்தன. அதனால் பச்சையமும் மாப்பொருளும் ஆக்கும் பரம்பரையலகுகள் கூடுதலாக வேலை செய்தன. புதிதாக ஒரு பரம்பரையலகும் சேரவில்லை. இருந்தவற்றின் வேலை நேரமும் அளவும் மாறின.

இனி விதைப்பெட்டிக்கு வருவோம். முதற் சந்ததியில் பெற்றோர் வேறுபடும் 100 இடங்களிலும் இரண்டு வேறு எதிருருக்கள் இருக்கும். நெல் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிர். அடுத்த சந்ததியில் சராசரியாக 50 இடங்களில்தான் அந்தச் சோடி மிஞ்சும், அதற்கடுத்ததில் 25. சோடி உடைய வீரியமும் உடைகிறது. வயலில் ஒரு செடி நெட்டை, ஒன்று குட்டை. ஒன்று முந்திப் பூக்கும், ஒன்று பிந்தும். எச்-4 ஐ ஆக்கியவர்கள் அந்த உடைவு முடியும்வரை பல சந்ததிகள் காத்திருந்து, நிலைத்துவிட்ட நல்ல வழியைத் தெரிந்தெடுத்தார்கள். ஆகவே அது கலப்பில் பிறந்த தூய வழி.

இல்லத்தரசிகளும் இதை அறிந்திருக்கலாம். கலப்பின நெற்செடி முதற் சந்ததி என்றாலும் அதில் விளையும் மணி இரண்டாம் சந்ததி. பெற்றோரின் மாப்பொருள் இயல்பு வேறானால் ஒரே பானையில் ஒரு சோறு குழையும், ஒன்று விறைத்து நிற்கும்.

ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாகக் கலப்பு விதை உண்டாக்குவது இலேசல்ல. ஒவ்வொரு நெற்பூவிலும் ஆறு கேசரங்கள். பூ சிறிது நேரமே திறந்திருக்கும். சீனாவில் யுவான் லோங்பிங் 1964 இல் ஆய்வைத் தொடங்கினார். 1970 இல் அவருடைய குழுவினர் ஹைனான் தீவில் மகரந்தம் மலடான காட்டு நெல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அந்த மலட்டுத் தன்மை தாய்வழி இழைமணியிலிருந்து வருவது. அதைத் தாய் வரிசைக்கு ஏற்றினார்கள். அந்த வரிசையைப் பேண இன்னொன்று, வளத்தை மீட்டுத் தரும் தந்தை வரிசை ஒன்று என மூன்று வரிசைகள் அமைந்தன. 1976 முதல் சீனாவில் கலப்பின நெல் பரவியது. விதை வயலில் பூக்கும் வேளையில் தந்தை வரிசையைக் கயிற்றாலோ தடியாலோ அசைத்து, மகரந்தம் தாய் வரிசையில் விழச் செய்வார்கள். விதை விலை ஏறுவதற்கு இந்த உழைப்பே காரணம்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1994 இல் முதற் கலப்பின நெல்லை வெளியிட்டது. நம் நாட்டில் பத்தலகொடையிலிருந்து பி.ஜி. 407 எச் 2005 இல் வந்தது. ஆயினும் நம் வயல்கள் இன்றும் ஏறக்குறைய முழுவதும் தூய வழி நெல்லே. காரணம் எளிது. நம் கமக்காரர் பெரும்பாலும் வீசி விதைப்பவர்கள். ஏக்கருக்கு 2 புசல் நெல் வேண்டும். விலை கூடிய விதையை அப்படி வீச முடியாது. நாற்று நட்டால் விதை மிகக் குறைவாகப் போதும், ஆனால் நடுவதற்கு ஆட்கூலி வேண்டும். நல்ல தூய வழியை விடக் கலப்பினம் 15 முதல் 20 வீதம் கூடுதலாக விளையும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கூடுதல் விதைக்கும் கூலிக்கும் போய்விட்டால் கமக்காரருக்கு என்ன மிஞ்சும்?

இந்த உடைவையே தவிர்க்க வழி தேடுகிறார்கள். கலிபோர்னியாவில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் 2019 இல், கருக்கட்டலின்றியே தாயின் மறுபிரதியாக விதை தரும் நெல்லை ஆக்கிக் காட்டினார்கள். 2022 இல் கலப்பின நெல்லில் அவ்வாறான விதை 95 வீதத்துக்கு மேல் கிடைத்தது. இது வயலுக்கு வந்தால் கலப்பு வீரியமும் விதைப்பெட்டிக்குத் திரும்பலாம். அந்த விதையைச் சேமிக்கும் உரிமை கமக்காரருக்கு இருக்குமா என்பதைச் சட்டமும் அரசும் தீர்மானிக்கும். அதை இன்றே கேட்கவேண்டும்.

கலப்பினம் வேண்டாம் என்பது என் கட்சியல்ல. மக்கள் தொகை கூடுகிறது, நிலம் கூடுவதில்லை. ஆனால் வீரியம் பிறப்பது பெற்றோர் வழிகளிலிருந்து. அவை பொது நிறுவனங்களின் கையில் இருக்கும்வரைதான் விதை விலையில் நமக்கொரு சொல் இருக்கும். முருங்கைக்காயனை யாரோ ஒரு குடும்பம் போகத்துக்குப் போகம் காப்பாற்றி வைத்ததால்தான் எச்-4 வந்தது. விதைநெல்லைக் காயவைத்து, தூற்றி, பூச்சி அணுகாமல் வைத்தவர்கள் பல வீடுகளில் பெண்களே.

மாணவிகளே, உயர்தரத்தில் பிறப்புரிமையியல் பாடம் வரும்போது பரீட்சைக்காக மட்டும் படிக்கவேண்டாம். கன்னொறுவை அரை மணித்தியாலப் பயணம். ஆசிரியையிடம் சொல்லி ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்களில் ஒருத்தியாவது அங்கே வேலைக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை.

நூறு ஆண்டு கண்ட நம் கல்லூரி மேலும் தழைக்க வாழ்த்தி விடைபெறுகிறேன்.