மகளின் பங்கு நிலம் எங்கே போயிற்று?
(திருவண்ணாமலையில் சட்டம் பயிலும் மாணவ மாணவியரிடையே ஆற்றிய உரை)

 

ஹானர்ஸ் பட்டத்திற்கு ஆய்வேடு எழுத வேண்டும், நல்ல தலைப்பாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முஸ்லிம் மாணவர் என்றால் பேராசிரியரும் தலாக் என்பார், மாணவரும் தலாக் என்பார். 1985இல் ஷாபானு தீர்ப்பு, 1986இல் அதற்கெதிராக வந்த சட்டம், 2001இல் டேனியல் லத்தீஃபி தீர்ப்பு, 2017இல் ஷாயரா பானு தீர்ப்பு, 2019இல் முத்தலாக் சட்டம், 2024இல் மீண்டும் ஜீவனாம்சம். இவற்றைப் பற்றி எழுதிக் குவித்துவிட்டார்கள். நீங்களும் எழுதினால் பத்துப் பேர் எழுதியதைப் பதினோராவது ஆளாக எழுதுவீர்கள்.

நான் ஒரு தலைப்புத் தருகிறேன். முஸ்லிம் மகளுக்கு விவசாய நிலத்தில் உள்ள பங்கு. வேர்க்கடலையும் நெல்லும் விளைகிற இந்த மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு ஏது?

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதன் 2ஆம் பிரிவில் விவசாய நிலம் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. ஏன்? 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. மத்திய சட்டமன்றம் அதைத் தொட முடியாது. வீட்டுக்கும் நகைக்கும் ஷரீஅத், வயலுக்கு மட்டும் ஊர் வழக்கம் என்று ஆயிற்று. உத்தரப் பிரதேசத்தில் 1950ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் மணமான மகளை ஆண்வழி வாரிசுகளுக்குப் பின்னே தள்ளியது. முஸ்லிம் மகளுக்கும் அதே கதிதான்.

நம் பக்கம் நடந்தது வேறு. 1949ஆம் ஆண்டின் 18ஆம் எண் சென்னைச் சட்டம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. வயலுக்கும் ஷரீஅத்தே சட்டம். அதாவது, இங்கே முஸ்லிம் மகளின் நிலப் பங்குக்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லாமல் 75 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. எந்த அரசிடமும் நாம் கையேந்த வேண்டியதில்லை. எந்தக் கட்சியும் குறுக்கே நிற்கவில்லை. அப்படியானால் நிலம் மகளிடம் அல்லவா இருக்க வேண்டும்? இருக்கிறதா?

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஒருவர் 4 ஏக்கர் நிலத்தை விட்டு இறக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். கடனும் வஸிய்யத்தும் இல்லை. 400 சென்டில் மனைவிக்கு எட்டில் ஒன்று, 50 சென்ட். மீதி 350. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் மகன்களுக்கு ஆளுக்கு 140, மகளுக்கு 70. மதரஸாவில் ஃபராயிள் பாடத்தில் முதல் வாரத்திலேயே போடுகிற கணக்கு இது. தாயின் 50 சென்டும் மகளின் 70 சென்டும் பட்டாவில் ஏறியதா என்பதுதான் உங்கள் ஆய்வு.

"1989 முதலே தமிழ்நாட்டில் இந்து மகளுக்கு மூதாதையர் சொத்தில் சமபங்கு வந்துவிட்டது, உங்களிடம் பாதிதானே?" என்று வகுப்புத் தோழர் கேட்பார். அந்த விவாதத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ஆனால் அந்தப் பாதியாவது அவள் கைக்கு வந்ததா என்ற கேள்வியை முதலில் நம்மிடமே கேளுங்கள்.

"அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாகிவிட்டதே!" கிராமத்தில் இதைத்தான் சொல்வார்கள். இதற்குள் அருமையான சட்டப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. தந்தை உயிரோடிருக்கும்போது மகளுக்கு இருப்பது உரிமையல்ல, எதிர்பார்ப்பு மட்டுமே. இல்லாத உரிமையை எப்படி விட்டுக்கொடுப்பது? ஆகவே அப்படி எழுதிய விடுதலைப் பத்திரம் செல்லாது என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய நிலை. ஆஸா பீவி எதிர் கருப்பன் செட்டி வழக்கு, 41ஆம் சென்னைத் தொகுதி, 365ஆம் பக்கம். அலகாபாத் நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. 1973இல் வெளியான குலாம் அப்பாஸ் எதிர் ஹாஜி கய்யூம் அலி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? பத்திரம் உரிமையை மாற்றாது; ஆனால் பலனைப் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுப்பதாக எழுதியவர், பின்னால் வந்து பங்கு கேட்பதை முரண்தடை நெறி தடுக்கும்.

கல்யாண நகை அந்தப் பலன் ஆகுமா? குலாம் அப்பாஸ் வழக்கில் தந்தை கடனில் மூழ்கினார். சில மகன்கள் கடனை அடைத்தார்கள். வேறு சில வாரிசுகள் ரொக்கமும் பொருளும் பெற்றதாக எழுதியே கொடுத்தார்கள். நம் ஊர் மகள் என்ன எழுதிக் கொடுத்தாள்? நகை போட்ட அன்று நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்பட்டதா? இரண்டையும் ஒன்றாக்க முடியாது என்பது என் கருத்து. என் கருத்தை எழுதாதீர்கள். இரண்டு தீர்ப்புகளையும் முழுமையாகப் படித்து உங்கள் கருத்தை எழுதுங்கள். தலைக்குறிப்பை மட்டும் படித்து மேற்கோள் காட்டுகிற பழக்கம் ஆய்வைக் கெடுத்துவிடும்.

முல்லாவின் நூலோடும் நின்றுவிடாதீர்கள். நீதிமன்றங்கள் எடுத்தாண்ட ஹிதாயாவின் ஆங்கிலப் பெயர்ப்பு 1791இல் ஹாமில்டன் செய்தது. அதுவும் அரபியிலிருந்து நேராக அல்ல, பாரசீகப் பெயர்ப்பிலிருந்து! அரபி தெரிந்த ஆலிமிடம் மூலத்தைக் காட்டிக் கேளுங்கள். 1949 சட்டம் ஏன் வந்தது என்றறிய அந்த ஆண்டின் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் அரசிதழையும் பாருங்கள். எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. தீர்ப்புகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இவை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. உட்கார்ந்து தேட வேண்டும்.

பிறகு களத்துக்கு வாருங்கள். செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி. ஏதாவது ஒரு வட்டம் போதும், மாவட்டம் முழுவதையும் அள்ள நினைக்காதீர்கள். நாற்பது குடும்பங்களை ஒழுங்காகப் பார்த்தால் போதும். வாரிசுச் சான்றில் மகளின் பெயர் இருக்கும், பட்டாவில் இருக்காது. இடையில் என்ன நடந்தது? விடுதலைப் பத்திரமா, தந்தை வாழ்நாளிலேயே மகன்களுக்குச் செய்த ஹிபாவா, வெறும் மௌனமா? ஹிபா வாய்மொழியாகவும் செல்லும் என்பதால் பதிவலுவலக வில்லங்கச் சான்றை மட்டும் நம்ப முடியாது. மௌனம் என்றால், ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளின் அனுபவமே என்ற விதியையும், வெளிப்படையாக வெளியேற்றப்பட்ட பின் 12 ஆண்டு என்ற காலவரையறையையும் சேர்த்துப் படியுங்கள்.

பெண்களிடம் அண்ணன் தம்பி பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். "நானே மனமுவந்து விட்டுக்கொடுத்தேன்" என்றுதான் சொல்வார்கள். மாணவிகள் தனியே போய்க் கேட்கட்டும். பெயரை எழுதாதீர்கள், சர்வே எண்ணையும் எழுதாதீர்கள்; எண்ணை வைத்தே ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிடும். அந்தப் பெண் நாளைக்கும் அதே வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

பெரியோர்களே! சமுதாயத்தின் குறையைப் பிள்ளைகள் ஏன் வெளியே எழுத வேண்டும் என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. பாகப்பிரிவினை வழக்குகள் நீதிமன்றத்தில் எல்லோர் கண்முன்னும்தான் நடக்கின்றன. 1985இல் ஷரீஅத்தைக் காக்க நாம் ஊர்வலம் போனோம். சகோதரியின் 70 சென்டும் அதே ஷரீஅத்தில்தான் இருக்கிறது. ஜமாஅத் பதிவேடுகளில் பாகப்பிரிவினைத் தீர்ப்புகள் இருந்தால் இந்த மாணவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். முடிவு நமக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள்.

மாணவர்களே, பங்குக் கணக்கில் தாய்வழிச் சகோதரர், முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் என்று சிக்கல் வந்தால் குடும்ப மரத்தைத் தாளில் வரைந்து எடுத்து வாருங்கள். அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.