டெக் கழுவும் நாளில் கீழேயும் குனிந்து பாருங்கள்



விக்ரோறியா தின வார இறுதி வந்துவிட்டால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் எங்கள் சனத்தின் சீவியம் பின்வளவுக்கு மாறிவிடும். பிறந்தநாள், பார்பெக்கியூ, ஊரிலிருந்து வந்த மாமிக்கு ஒரு விருந்து, எல்லாம் டெக்கிலேதான். அதற்கு முன்னர் தும்புத்தடியும் ஹோஸ் பைப்புமாக ஒருநாள் கழுவுவோம். இன்று அந்தக் கழுவும் நாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஊரிலே மரத்துக்கு எதிரி கறையான். அதனால்தான் கூரைக்கு வைரம் பாய்ந்த பனஞ்சலாகை தேடினார்கள். இங்கே டெக்கின் முதல் எதிரி தண்ணீர். மழையும் உருகும் பனியும் பலகை இடுக்கில் தேங்கும். இரவில் உறையும்போது தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் பெருத்து வெடிப்பை அகலமாக்கும். மறுநாள் அந்த வெடிப்பில் இன்னும் கொஞ்சத் தண்ணீர் இறங்கும். ஈரம் காயாத இடத்தில் பூஞ்சணம் பிடித்து மரம் உக்கத் தொடங்கும். மேலே பலகை நன்றாகத் தெரியும், கீழே சட்டம் உக்கியிருக்கும். ஆகவே கழுவுவது அழகுக்கு மட்டுமல்ல. குப்பையை அகற்றி மரத்தைக் காயவிடுவதற்கும், உக்கல் எங்கே என்று பார்ப்பதற்கும்தான்.

இது வீண் பயமல்ல. 2003 ஜூன் 29இல் சிக்காகோவில் ஒரு விருந்தின்போது மூன்றாம் மாடியின் பின்பக்க மர விராந்தை இடிந்து 13 பேர் இறந்தார்கள். அளவுக்கு மிஞ்சியவர்கள் நின்றதும் கட்டிய முறையிலிருந்த குறைகளும் பேசப்பட்டன. 2015 ஜூன் 16இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில், பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒரு பல்கனி உடைந்து ஆறு மாணவர்கள் உயிரிழந்தார்கள். பத்து வருடம்கூட ஆகாத கட்டடம். உள்ளே தாங்கு சட்டங்கள் உக்கிப்போயிருந்தன. எங்கள் டெக்குகள் அவ்வளவு உயரமில்லை என்பது உண்மை. ஆனாலும் பேஸ்மென்ற் வாசல் பின்வளவுக்குத் திறக்கும் வீடுகளில் எட்டு ஒன்பது அடி உயர டெக் சாதாரணம்.

டெக்கைச் சதுர அடிக்கு ஏறக்குறைய 40 இறாத்தல் தாங்கும்படி கட்டுவது வழக்கம். அது சரியாகக் கட்டிய, உக்காத மரத்துக்கான கணக்கு. கேக் வெட்டும்போது எல்லோரும் படத்துக்காக ஒரே ஓரத்தில் நெருங்குவதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் ஒரு ஸ்குறூ டிரைவரும் ரோச் லைற்றும் எடுத்துக்கொண்டு கீழே குனியுங்கள். வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிணைக்கும் நீளப் பலகையைப் பாருங்கள். மரவேலைக்காரர் அதை லெஜர் என்பார்கள். இடிந்து விழும் டெக்குகளில் பல விட்டுப்போவது இந்த இடத்தில்தான். அது வெறும் ஆணியில் தொங்கக்கூடாது. போல்ற் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். அதன்மேல் தண்ணீரை வெளியே வழியவிடும் தகடு இருக்க வேண்டும். பிறகு தூண்களின் அடியிலும் சட்டங்களின் முனையிலும் ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே இறங்கினால் அது உக்கல். துருப்பிடித்த ஆணிகளையும் கவனியுங்கள்.

அடுத்தது கைபிடி. ஒன்ராறியோ கட்டட விதிப்படி, நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த டெக்குக்குப் பாதுகாப்பு வேலி தேவை. வேலி குறைந்தது 90 சென்ரிமீற்றர், டெக் 1.8 மீற்றருக்கு மேல் உயர்ந்தால் 107 சென்ரிமீற்றர். கம்பி இடைவெளி 10 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது; குழந்தையின் தலை நுழையாமல் இருக்கத்தான் அந்தக் கணக்கு. ரொறன்ரோவில் அந்த 60 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட டெக் கட்ட நகரசபை அனுமதியும் வேண்டும். தெரிந்த ஆள் மலிவாகச் செய்து தருகிறார் என்றாலும் அனுமதியைக் கேளுங்கள்.

இனிக் கழுவுவது. இலை, சருகு, பலகை இடுக்கில் அடைந்த மண் எல்லாவற்றையும் முதலில் கிளறி எடுங்கள். பாசிக்கு ஒட்சிசன் பிளீச் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பலகையின் நீளப்பக்கமாகத் தேய்த்துக் கழுவலாம். குளோரின் பிளீச் மரத்தையும் ஆணியையும் செடியையும் கெடுக்கும். அதை அமோனியாவோடோ வினாகிரியோடோ கலந்தால் நச்சுவாயு கிளம்பும். பிறெசர் வொஷரை நெருக்கிப் பிடித்தால் பலகை நார்நாராகக் கிளம்பிவிடும். அகன்ற முனை, குறைந்த அழுத்தம் போதும். அழுக்குத் தண்ணீரைத் தெருவோர வடிகாலில் விடாதீர்கள். அங்கு விழுவது சுத்திகரிக்கப்படாமலே ஆற்றுக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் போகும்.

இங்கே ஒரு முக்கிய விடயம். பச்சை நிறம் ஏறிய பழைய மரங்களில் குறோமியம், செம்பு, ஆசனிக் சேர்ந்த மருந்து ஏற்றப்பட்டிருந்தது. 2003ஆம் ஆண்டு முடிவோடு கனடாவில் வீட்டுப் பாவனைக்கு இது கைவிடப்பட்டது. அதற்கு முந்திய டெக் உள்ள வீட்டை நீங்கள் வாங்கியிருந்தால், அதை மணற்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பிளீச்சும் பிறெசர் வொஷரும் வேண்டாம். மெல்லிய சவர்க்காரத் தண்ணீர் போதும். பிள்ளைகள் விளையாடி முடிந்ததும் கை கழுவட்டும். கழற்றிய பலகையை அடுப்பிலோ வளவிலோ ஒருபோதும் எரிக்காதீர்கள். சாம்பலில் ஆசனிக் இருக்கும்.

கழுவி இரண்டு மூன்று நாள் காயவிட்டு, கொஞ்சத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் ஸ்ரெயின் பூசலாம். முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது, காசை மிச்சம் பிடியுங்கள். பத்துப் பாகைக்கு மேற்பட்ட, கொதிவெயில் இல்லாத நாள் நல்லது. எண்ணெய் ஸ்ரெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

மாரியில் பிளாஸ்ரிக் சவளால் பலகையின் நீளப்பக்கமாகப் பனியை அள்ளுங்கள். உப்பு ஆணியைத் தின்னும். வழுக்கினால் மணல் தூவுங்கள்.

ஒரு சனிக்கிழமை போதும், இவ்வளவையும் பார்த்துவிடலாம். லெஜரோ தூணோ உக்கியிருந்தால் மட்டும் நீங்களே ஒட்டுப்போட வேண்டாம். தகுதியான ஒருவர் பார்த்துச் சரிசெய்யும்வரை விருந்தைப் புல்லில் வையுங்கள்.